பக்கத்து ஸ்டாப்பர்

வெளிநாட்டுக்குக் கால்பந்து ஆடப் போகும் ஃபார்வர்டுக்குத் தன் கால் போதும். பந்தை வாங்கித் திரும்பி அடிக்கத் தெரிந்தால் முதல் மாதமே ஊர் அவனைக் கொண்டாடும். பேச்சு மெதுவாக வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். பின்வரிசையின் நடுவில் நின்று தடுக்கும் ஸ்டாப்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் வேலையில் பாதி, பக்கத்தில் நிற்கிற இன்னொரு ஸ்டாப்பரிடம் இருக்கிறது. நான் எப்போது ஏறுவேன், ஏறினால் என் முதுகுக்குப் பின்னால் யார் வருவார், பந்து இருவருக்கும் நடுவில் விழுந்தால் யாருடையது, கோலி (கோல்கீப்பர்) வெளியே வருவாரா கோட்டிலேயே நிற்பாரா? இதெல்லாம் மாதக்கணக்கில் சேர்ந்து ஆடி, சண்டை போட்டு, தோற்று, இருவர் உடம்பிலும் ஊறிப்போவது. விமானம் ஏறும்போது அதில் எதையும் கூடவே எடுத்துப்போக முடியாது. புது ஊரில், புது ஆளோடு, பழகாத பாஷையில் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் நாற்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது.

நான் சென்னை லீக்கில் ஸ்டாப்பராக ஆடியவன். இப்போது வடசென்னையில் பையன்களுக்குச் சொல்லித்தருகிறேன். தடுப்பாட்டம் கற்க யாரைப் பார்க்கலாம் என்று கேட்டால் பலரும் பாவ்லோ மால்டினியைச் சொல்வார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் மால்டினி வாழ்நாள் முழுவதும் ஏசி மிலானுக்கு மட்டுமே ஆடியவர். பிறந்த ஊர், வளர்ந்த கிளப், தெரிந்த முகங்கள். ஊர்விட்டு ஊர் போய் இந்த வேலையைச் செய்வது எப்படி என்று தெரிந்துகொள்ள நான் காட்டுவது பின்லாந்துக்காரர் சாமி ஹ்யூபியாவை. ஆறடி நான்கு அங்குல உயரம், வெளிர் மஞ்சள் முடி, ஓட்டத்தில் வேகம் சுத்தமாகக் கிடையாது. நெதர்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி என்று மூன்று நாட்டு லீக்குகளில் 16 ஆண்டுகள் முதல்தர ஆட்டம் ஆடினார். வேகம் இல்லாத ஒருவர் அத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதில் ஒரு ஸ்டாப்பர் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி அடங்கிவிடுகிறது.

1973-ல் போர்வோ நகரில் பிறந்தார். வளர்ந்தது வோய்க்கா என்ற காகித ஆலை ஊரில். பின்லாந்தில் ஐஸ் ஹாக்கிதான் ராஜா. குளிர்காலம் முழுக்கத் தரை உறைந்துகிடப்பதால் அங்கே கால்பந்து லீக் கோடையில்தான் நடக்கும். மில்லிகோஸ்கி என்ற இன்னொரு ஆலை ஊரின் கிளப்பான மைபாவில் அவர் சேர்ந்தபோது, பின்னாளில் அயாக்ஸ் கிளப்புக்குப் போய் உலகப் புகழ் பெற்ற யாரி லிட்மனெனும் அந்த அணியில் இருந்தார். 1992-லும் 1995-லும் மைபா பின்லாந்துக் கோப்பையை வென்றது. ஹ்யூபியா இங்கிலாந்தின் நியூகாஸில் கிளப்பில் சோதனை ஆட்டத்துக்குப் போனார், ஒப்பந்தம் கிடைக்கவில்லை. 1995-ல் நெதர்லாந்தின் டில்பர்க் நகரத்து வில்லெம் 2 கிளப் எடுத்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 22. ஐரோப்பியக் கணக்கில் இது தாமதமான புறப்பாடு.

அந்த ஆண்டு முக்கியமானது. 1995 ஜனவரியில் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. டிசம்பரில் பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர், புதுக் கிளப் பழைய கிளப்புக்குப் பணம் கட்டாமலே மாறிக்கொள்ளலாம், ஒன்றியத்து நாட்டவரை வெளிநாட்டவர் என்று எண்ணி வரம்பு போடக்கூடாது என்பது அதன் சாரம். அதற்கு முன்பு ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களில் ஒரு கிளப் மூன்று வெளிநாட்டவரை இறக்கலாம், கூடவே அந்த நாட்டிலேயே நெடுநாள் ஆடிய இருவரை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். இடம் அவ்வளவு இறுக்கமாக இருந்தால் எந்த மேனேஜரும் அதைக் கோல் அடிப்பவருக்குத்தான் ஒதுக்குவார். பின்லாந்துக்காரர் ஒருவரை அழைத்துவந்து பின்வரிசையில் நிறுத்த யாருக்குத் துணிவு வரும்? போஸ்மன் தீர்ப்பைப் பணத்தின் கதையாகவே எழுதுகிறார்கள். என் பார்வையில், அது பின்வரிசைக்காரர்களுக்குத்தான் அதிகம் கதவைத் திறந்துவிட்டது.

டில்பர்க்கில் நான்கு ஆண்டுகள். டச்சு ஆட்டத்தில் ஸ்டாப்பர் பந்தை அடித்துத் துரத்தினால் மட்டும் போதாது. தலை நிமிர்ந்து, ஆள் பார்த்து, நடுக்களத்துக்குக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டும். 1998–99-ல் வில்லெம் 2 நெதர்லாந்து லீக்கில் இரண்டாம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக் தகுதி பெற்றது. அந்த அளவு கிளப்புக்கு அது பெரிய காரியம். அதன் கேப்டன் ஹ்யூபியா.

இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புக்கு அவர் போன விதம் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம். அந்தக் கிளப்பின் நிர்வாகி பீட்டர் ராபின்சன் சொன்னது இது. 1998 குளிர்காலத்தில் அவர் அலுவலகக் கதவை ஒருவர் தட்டினார். ஐரோப்பியக் கால்பந்தைப் படம் பிடிக்கும் கேமராக்காரர் அவர். நீங்கள் நல்ல டிஃபென்டர் தேடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன், வில்லெம் 2-ல் ஒருவர் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கிளப் ஆளனுப்பிப் பார்த்தது. 1999-ல் 26 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஸ்டாப்பரின் திறமையை முதலில் கண்டுகொண்டவர் கேமராக்காரர் என்பதில் எனக்கு வியப்பில்லை. பந்து போகும் பக்கமெல்லாம் கேமராவைத் திருப்புவதுதான் அவர் தொழில். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் ஒரே ஆள் அங்கே ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தால் கண்ணில் படாமல் போகுமா? இது என் ஊகம்தான். ஆனால் நல்ல ஸ்டாப்பரை அடையாளம் காண இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஓடி வந்து சேர்பவரைப் பார்க்காதீர்கள், ஏற்கெனவே நிற்பவரைப் பாருங்கள் என்றுதான் பையன்களிடமும் சொல்கிறேன்.

அதே கோடையில் லிவர்பூல் மேனேஜர் ஜெரார் ஊலியே பிளாக்பர்ன் கிளப்பிலிருந்து சுவிட்சர்லாந்துக்காரர் ஸ்தெஃபான் ஹென்ஷோவையும் வாங்கினார். முந்தின சீசனில் லிவர்பூல் லீக்கில் வாங்கிய கோல்கள் 49. இவ்விருவரும் வந்த சீசனில் அது 30 ஆனது. லீக்கிலேயே மிகக் குறைவு. கோலி சாண்டர் வெஸ்டர்வெல்டும் அந்தக் கோடையில்தான் நெதர்லாந்திலிருந்து வந்தார். ஓராண்டுக்கு முன் ஒருவருக்கொருவர் அந்நியர்களான மூன்று பேர் சேர்ந்து முக்கோணம் போட்டு நின்றார்கள். எப்படி முடிந்தது?

ஒரு கோல் கிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணிக் கோலி நீளமாக உதைக்கிறார். பந்து காற்றில் இருக்கும் மூன்று விநாடியில் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஹ்யூபியா பந்தை நோக்கிப் பாய்வதில்லை. முதலில் இரண்டடி பின்னால் வருகிறார். பின்னால் வந்தால்தான் முன்னால் ஓடி எம்ப இடம் கிடைக்கும்; பந்துக்கு அடியில் போய் நின்றுகொண்டவர் நின்ற இடத்திலிருந்து குதிக்க வேண்டியதுதான். முழங்கையை வீசுவதில்லை, முன்கையை லேசாக நீட்டி ஃபார்வர்டு எங்கே இருக்கிறார் என்று மட்டும் தொட்டறிகிறார். கண் பந்தைவிட்டு நகர்வதில்லை. பிறகு ஒற்றைக் காலில் எம்பி, நெற்றியால் பந்தை அடியிலிருந்து வாங்கி மேலேயும் தூரத்துக்கும் அனுப்புகிறார். உச்சந்தலையில் பட்டால் பந்து பின்னால் வழுக்கிப் போகும். அதைவிட ஆபத்து வேறில்லை. அதே மூன்று விநாடியில் ஹென்ஷோ என்ன செய்கிறார்? அவர் பந்தையே பார்ப்பதில்லை. ஹ்யூபியா எம்பப் போகிறார் என்று தெரிந்ததுமே ஆறேழு கெஜம் பின்னால், சற்று உள்பக்கமாகச் சரிந்து ஓடுகிறார். ஹ்யூபியா தவறவிட்டால் பந்து எங்கே விழுமோ அங்கே போய் நிற்கிறார். பெரும்பாலும் பந்து அங்கே வருவதில்லை. ஆட்டம் முழுக்கத் தேவைப்படாத அந்த ஓட்டத்தை அவர் ஒவ்வொரு முறையும் ஓடுகிறார். அந்த ஓட்டம் இருப்பதால்தான் ஹ்யூபியா பயமில்லாமல் எம்ப முடிகிறது.

மாடிப்படியில் இருவர் பீரோ இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் முதுகுப்பக்கமாகவே இறங்க வேண்டும். மேலே நிற்பவர் 'இன்னும் ரெண்டு படி, இப்ப திரும்பு' என்று சொல்லிக்கொண்டே வருவார். ஸ்டாப்பர் ஜோடியின் வேலையும் அந்த வகைதான். யார் முதுகுப்பக்கம் போகிறார் என்பது விநாடிக்கு விநாடி மாறும் என்பதுதான் வேறுபாடு.

ஹென்ஷோ லிவர்பூலுக்காக 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. கார்னருக்கு ஹ்யூபியா மேலே போகும்போதெல்லாம் பின்னால் காவல் நின்றவர் அவர். ஹ்யூபியா அந்தக் கிளப்புக்கு அடித்த 35 கோல்களில் கணிசமான பங்கு ஹென்ஷோவுக்கும் சேர வேண்டும் என்பேன். எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

2001 ஏப்ரல் 5, பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானம், யுஏஃபா கோப்பை அரையிறுதியின் முதல் ஆட்டம். எதிரில் ரிவால்டோ, கிளைவர்ட். லிவர்பூல் பின்வரிசையில் வலப்பக்கம் ஜெர்மனியின் மார்கஸ் பாபெல், நடுவில் ஹென்ஷோவும் ஹ்யூபியாவும், இடப்பக்கம் ஜேமி காரகர், கோலில் வெஸ்டர்வெல்ட். ஐந்து பேர், ஐந்து நாடு. காரகர் ஒருவர்தான் உள்ளூர்ப் பிள்ளை. ஆட்டம் 0–0. பார்க்க அலுப்பான ஆட்டம் என்று குறை சொன்னவர்கள் அப்போதே உண்டு. நான் அதை அலுக்காமல் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். கிளைவர்ட் பந்து வாங்கக் கீழே இறங்கிவருகிறார். ஸ்டாப்பர் கூடவே போக வேண்டும் என்பது அவர் விரிக்கும் வலை, போனால் அந்த ஓட்டைக்குள் ரிவால்டோ நுழைவார். ஹ்யூபியா நாலைந்து அடி மட்டும் கூடப் போகிறார். பிறகு நின்றுவிடுகிறார். கையைக் காட்டி நடுக்களத்து ஆளிடம் கிளைவர்ட்டை ஒப்படைத்துவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறார். நாலைந்து அடியா, பத்தடியா என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. இரண்டாவது ஆட்டத்தில் லிவர்பூல் 1–0 என்று ஜெயித்தது. அந்த சீசனில் லீக் கோப்பை, எஃப்ஏ கோப்பை, யுஏஃபா கோப்பை மூன்றும் அவர்களுக்கே. கார்டிஃபில் ஆர்சனலுக்கு எதிரான எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் மைக்கேல் ஓவன் அடித்த இரண்டு கோல்களை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பு கோல்கோட்டில் நின்று ஹ்யூபியா பந்துகளை வெளியேற்றாமல் இருந்திருந்தால் ஓவன் அடிப்பதற்கு ஆட்டமே மிஞ்சியிருக்காது.

பேச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பின்லாந்து, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, ஜெர்மனி. இவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஆங்கிலம்; அது யாருக்கும் தாய்மொழியில்லை. ஆனால் களத்தில் ஸ்டாப்பருக்குத் தேவையான சொற்கள் இருபதுக்கு மேல் போகாது. எங்கள் மைதானத்தில் பையன்கள் கத்துவதையே பாருங்கள்: 'ஏறு', 'இறங்கு', 'வுடு', 'என்து', 'ஆள் வரான்', 'டைம் இருக்கு'. எந்தச் சொல்லை எந்த நொடியில் சொல்வது என்பதுதான் வித்தை. பந்து வந்தபிறகு 'ஆள் வரான்' என்று கத்துவது உதவியே அல்ல. பந்து கிளம்பும்போதே சொல்ல வேண்டும். சொல்கிற தொனியும் முக்கியம். பதற்றத்தோடு சொன்னால் கேட்பவருக்குப் பதற்றம்தான் போய்ச் சேரும். ஹ்யூபியாவின் ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது அவர் வாய் ஓயாமல் அசைவதைக் கவனிக்கலாம். முகத்திலோ பதற்றம் தெரியாது. பின்லாந்துக்காரர்கள் பேசாதவர்கள் என்று ஒரு பெயர் உண்டு. களத்துக்குள் அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

2003 அக்டோபரில் ஊலியே கேப்டன் பட்டையை ஹ்யூபியாவிடமிருந்து எடுத்து 23 வயது ஸ்டீவன் ஜெரார்டிடம் கொடுத்தார். இப்படி நடக்கும்போது அணிகள் இரண்டாக உடைந்ததை நான் உள்ளூரிலேயே பார்த்திருக்கிறேன். ஹ்யூபியா அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் அதே சட்டையில் ஆடினார். அதைப் பற்றி இதற்குமேல் சொல்ல எதுவுமில்லை.

2004-ல் ரஃபேல் பெனிடெஸ் மேனேஜராக வந்து, பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்த காரகரை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஹ்யூபியாவுக்குப் புது ஜோடி. ஹென்ஷோ அமைதியாகப் பின்னால் சரிபவர். காரகரோ சீறிப் பாய்ந்து டேக்கிள் செய்பவர், ஆட்டம் முழுக்கக் கத்துபவர். ஒரே ஆள் இந்த இருவரோடும் ஒரேமாதிரி ஆட முடியாது. முன்பு முதலில் ஏறி முட்டியவர் ஹ்யூபியா, மூடியவர் ஹென்ஷோ. இப்போது காரகர் பாயும் நேரங்களில் ஹ்யூபியா மூடினார். முப்பதைத் தாண்டியபின் தன் ஆட்டத்தின் பழக்கத்தையே மாற்றிக்கொள்வது எத்தனை பேரால் முடியும்? நான் வியப்பது இந்த இடத்தில்தான்.

கார்னருக்கு ஆளுக்கொரு ஆளைப் பிடிக்கும் இங்கிலாந்து வழக்கத்தை விட்டுவிட்டு, இடத்தைக் காக்கும் முறையைப் பெனிடெஸ் கொண்டுவந்தார். ஒவ்வொரு கோல் விழும்போதும் பத்திரிகைகள் அந்த முறையைத் திட்டின. ஹ்யூபியாவைப் போன்ற ஒருவருக்கு அது பொருந்திவந்தது என்று நினைக்கிறேன். ஆளைத் துரத்த வேகம் வேண்டும். இடத்தைக் காக்க, பந்து வருமுன் அது எங்கே வரும் என்று தெரிந்தால் போதும்.

2005 ஏப்ரல் 5, லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் ஜுவெண்டஸோடு சாம்பியன்ஸ் லீக் காலிறுதி. பத்தாவது நிமிடம், ஜெரார்டின் கார்னர். முன்கம்பத்தருகே லூயிஸ் கார்சியா தலையால் தட்டிவிட, பின்னால் தனியாக நின்ற ஹ்யூபியா இடதுகாலால் அந்தரத்திலேயே அடித்தார். வலதுகால்காரர் அவர். லிவர்பூலில் பெரும்பாலும் பின்வரிசை நடுவின் இடப்பக்கத்திலேயே ஆண்டுக்கணக்காக நின்றவர். வலதுகால் ஸ்டாப்பர் இடப்பக்கம் நின்றால் உடம்பைத் திருப்பும் விதம், பந்தைத் துரத்தும் கோணம் எல்லாமே மாறும், இடதுகாலைப் பழக்கியே தீர வேண்டும். அந்தக் கோலை அழகான அடி என்று ரசிப்பவர்கள் ரசிக்கட்டும். எனக்கு அதில் தெரிவது பயிற்சி மைதானத்தில் இடதுகாலோடு செலவிட்ட பல மாலைகள்.

அதே சீசனில் ஏசி மிலானோடு இஸ்தான்புல்லில் நடந்த இறுதியாட்டம் பற்றி எழுதாதவர் இல்லை. நம் ஊரில் நள்ளிரவு தாண்டித் தொடங்கிய ஆட்டம் அது. முதல் நிமிடத்திலேயே மால்டினி கோல், பிறகு கிரெஸ்போ இரண்டு. மூன்றாவது கோலுக்குக் காகா நடுக்களத்திலிருந்து அனுப்பிய பந்து, காரகர் நீட்டிய காலுக்கும் எட்டாமல் பின்வரிசையைப் பிளந்துகொண்டு போனது. அதற்கு எந்த ஜோடியிடமும் பதில் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். இடைவேளையில் பெனிடெஸ் வலதுபேக் ஃபின்னனை வெளியே எடுத்து நடுக்களத்து ஆள் ஹாமனை இறக்கினார். பின்னால் நான்கு பேர் மூன்றானார்கள். காரகர், ஹ்யூபியா, ட்ராவோரே. சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், 0–3 என்ற நிலையில், அந்தப் பதினைந்து நிமிட இடைவேளையில் பின்வரிசையின் கணக்கு முழுவதையும் மாற்றிப்போடுகிறார்கள். இருவர் நடுவே இருந்த இடைவெளி இப்போது மூவர் நடுவே இரண்டு இடைவெளி. யார் அகலமாகப் போவது, யார் நடுவில் நிற்பது என்று எல்லாமே புதிது. லிவர்பூல் ஆறு நிமிடத்தில் அடித்த மூன்று கோல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதற்குப் பிறகு கூடுதல் நேரம் முடியும்வரை மிலானால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெனால்டியில் 3–2 என்று லிவர்பூல் வென்றது.

பிறகு வயது. 2006-ல் டென்மார்க்கின் டேனியல் ஆகர், 2008-ல் ஸ்லோவாக்கியாவின் மார்ட்டின் ஷ்கர்டெல் என்று புது ஸ்டாப்பர்கள் வந்தார்கள். ஹ்யூபியா பெஞ்சுக்குப் போனார். 2008 செப்டம்பரில் சாம்பியன்ஸ் லீக் குழு ஆட்டங்களுக்கான பட்டியலில் அவர் பெயரே இல்லை.

2009 மார்ச் 14, மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானம். ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடாக்கும்போதே வலதுபேக் ஆர்பெலோவாவுக்குக் காயம். சில நிமிடங்களில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தது. காரகர் வலப்பக்கம் போனார். 35 வயது ஹ்யூபியா நடுவில் ஷ்கர்டெலோடு நின்றார். எதிரில் ரூனி, டெவஸ், ரொனால்டோ. மூவரும் அவரைவிட எத்தனையோ மடங்கு வேகம். 23-வது நிமிடத்தில் ரொனால்டோ பெனால்டியில் கோல் அடித்தார். அதன்பிறகு நடந்ததை ஸ்டாப்பராக ஆசைப்படும் யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். டெவஸ் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நேராக வரும்போது ஹ்யூபியா கால் நீட்டுவதில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்று பின்னால் போய்க்கொண்டே, ஒரு பக்கத்தை மட்டும் திறந்துவைக்கிறார். அது கோலுக்கு விலகிப் போகும் பக்கம், காரகரோ ஷ்கர்டெலோ காத்திருக்கும் பக்கம். வேகமானவரை வேகத்தால் பிடிக்க முடியாதென்றால் அவர் எங்கே ஓட வேண்டும் என்பதை நாம் முடிவுசெய்ய வேண்டும்.

மறுகோடியில் யுனைடெட்டின் நெமானியா விடிச். செர்பியாவிலிருந்து மாஸ்கோ வழியாக வந்தவர், அந்தக் காலத்தின் மிகச்சிறந்த ஸ்டாப்பர்களில் ஒருவர். ஷ்கர்டெல் பின்னாலிருந்து நீளமாக அடித்த சாதாரணப் பந்து ஒன்று. விடிச் அதைத் தரையில் குத்த விட்டார். அந்த ஒரு குத்துக்குள் ஃபெர்னாண்டோ டோரஸ் நுழைந்து கோல் அடித்துவிட்டார். இரண்டாம் பாதியில் விடிச்சுக்குச் சிவப்பு அட்டையும் கிடைத்தது. 4–1 என்று லிவர்பூல் வென்றது. விடிச் குறைந்தவர் என்று சொல்ல வரவில்லை. இந்த வேலையில் 89 நிமிடம் சரியாக நின்றவரின் பெயரும் அந்த ஒரு நிமிடத்தோடுதான் ஒட்டிக்கொள்கிறது. வெளிநாட்டில் என்றால் இன்னும் அழுத்தமாக ஒட்டும்.

அந்தக் கோடையில், 464 ஆட்டங்களுக்குப் பிறகு ஹ்யூபியா லிவர்பூலை விட்டு ஜெர்மனியின் பேயர் லெவர்குசனுக்குப் போனார். 35 வயதில் புது நாடு, புது மொழி, புதுப் பின்வரிசை. பக்கத்தில் நின்றவர் பெரும்பாலும் மானுவல் ஃப்ரீட்ரிஷ். மேனேஜர் யூப் ஹைன்கெஸ். அந்த 2009–10 சீசனின் முதல் 24 லீக் ஆட்டங்களில் லெவர்குசன் தோற்கவே இல்லை; சீசனின் தொடக்கத்தில் அப்படியொரு ஓட்டம் அதுவரை ஜெர்மன் லீக் காணாதது. அடுத்த சீசனில் இரண்டாம் இடம். 2011-ல் ஓய்வு.

பின்லாந்துக்காக 105 ஆட்டங்கள். தாய்மொழியில் கத்தி, சொந்த ஊர்க்காரர்களோடு நின்று ஆடிய அந்த அணி, அவர் காலத்தில் ஒரு பெரிய போட்டிக்கும் தகுதி பெறவில்லை. மிக அருகில் வந்தது 2007 நவம்பர் 21, போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில். ஜெயித்தால் 2008 யூரோவுக்குப் போகலாம். ரொனால்டோவின் அணியைச் சொந்த மண்ணில் ஒரு கோல்கூட அடிக்கவிடாமல் நிறுத்தினார்கள். ஆட்டம் 0–0, போர்ச்சுகல் போனது. கேம்ப் நூவில் அதே 0–0 அவரை இறுதியாட்டம் வரை கொண்டுபோனது. இங்கே அது போதவில்லை. ஸ்டாப்பர் செய்யக்கூடியது அவ்வளவுதான். கோல் அடிப்பது வேறு யாரோ ஒருவர் கையில்.

எங்கள் பையன்களில் ஓரிருவரை அவ்வப்போது வெளியூர் அகாடமிகளின் ட்ரயல்ஸுக்கு அனுப்புகிறேன். ஸ்டாப்பர்களை ஜோடியாகக் கூப்பிடுங்கள், அப்போதுதான் அவர்கள் ஆட்டம் தெரியும் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். யாரும் கூப்பிடுவதில்லை. தனித்தனியாக அழைத்து, முன்பின் தெரியாத இன்னொரு பையனோடு நிறுத்தி, இருபது நிமிடம் ஆடவிட்டுத் தேர்வு செய்கிறார்கள். முன்பு இதில் எனக்குக் கடுங்கோபம். ஹ்யூபியாவின் ஆட்டங்களை வரிசையாகப் பார்த்த பிறகு அந்தக் கோபம் குறைந்துவிட்டது. இந்தத் தொழிலைத் தேடி எங்கே போனாலும் அந்த இருபது நிமிடம் காத்திருக்கும். ஆகவே போகிற பையனிடம் இப்போது இதைச் சொல்லி அனுப்புகிறேன். பூட்ஸ் கட்டும்போதே உன் பக்கத்தில் நிற்கப் போகிறவன் பெயரைக் கேள், எந்தக் கால் என்று கேள், ஹெடருக்கு யார் போவது என்று பேசி முடித்துக்கொள், கோலி வெளியே வருகிற ஆளா என்று அவனிடமே கேட்டுவிடு. உன்னைப் பற்றி அவன் கேட்காவிட்டாலும் நீயாகச் சொல்லிவிடு.

போன மாதம் பெங்களூருக்குப் போன ஒரு பையன் ட்ரயல்ஸ் முடிந்ததும் போன் செய்தான். எப்படி ஆடினாய் என்று கேட்டேன். "அவன் லெஃப்ட் கால் சார், மங்களூர்ப் பையன், பேரு கேட்டுக்கிட்டேன். ஹெடர் நல்லா போடுறான், ஆனா திரும்புறதுக்கு லேட் ஆவுது. அதனால நான் ரெண்டடி பின்னாடியே நின்னு பாத்துக்கிட்டேன் சார்" என்றான். முடிவு அடுத்த வாரம் சொல்வார்களாம்.